வெட்சூட் வாங்கும்போது அம்மா சொன்னதை மறந்துவிடுங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளில் தீபாவளிக்கு உடுப்பு எடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மா சொல்லும் ஒரு வாக்கியம் மனப்பாடம்: "ஒரு சைஸ் பெரிசா எடு, வளர்ற புள்ள." பள்ளிச் சீருடை, சப்பாத்து எல்லாமே அந்தக் கணக்குதான். வளர்ச்சியெல்லாம் பக்கவாட்டில் மட்டும் என்று ஆகிவிட்ட வயதிலும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. பெர்ஹெந்தியான் தீவில் முதல் ஸ்கூபா (காற்று டேங்கைச் சுமந்து முக்குளிக்கும்) வகுப்புக்குப் போனபோது, கொடியில் தொங்கிய வாடகை வெட்சூட்களில், அதாவது முக்குளிப்பவர்கள் உடம்போடு ஒட்ட அணியும் ரப்பர் நுரை உடுப்புகளில், எது சர்ரென்று ஏறியதோ அதையே எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் முக்கி முனகி மாட்டிக்கொண்டிருக்க, நான் இரண்டே நிமிடத்தில் தயார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தண்ணீரில் இறங்கியதும் இடுப்பு வளைவில் ஒரு குடம் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. கையை நீட்டினால் பழைய தண்ணீர் கழுத்து வழியாக வெளியேறும், புதுத் தண்ணீர் முதுகில் வழியும். முதல் டைவில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைய மூன்றாவது டைவ் முடிந்து படகில் ஏறியபோது, உச்சி வெயிலில் இரண்டு துண்டைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். கடலின் வெப்பநிலை அன்று 28 டிகிரி.

கோலாலம்பூரிலிருந்து முதல்முறை முக்குளிக்கக் கிளம்பும் யாராவது என்னைக் கேட்டால், நான் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். வெட்சூட்டைப் பொறுத்தவரை நம் வீட்டுத் துணி சாஸ்திரம் அப்படியே தலைகீழ்.

வெந்நீர் மாதிரி இருக்கும் கடலுக்கு இது எதற்கு?

நியாயமான கேள்வி. நம் கடல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் உடம்பு 37 டிகிரி. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஒரு டைவ் என்பது முக்கால் மணி நேரம். வகுப்பின் கடல் நாட்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை இறங்குவீர்கள். புதியவர்கள் அதிகம் நீந்துவதும் இல்லை. மணலில் மண்டியிட்டு, முகமூடியில் தண்ணீர் விட்டு வெளியேற்றப் பழகிக்கொண்டிருப்பார்கள். அசையாத உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிரில் நடுங்கினால் மூச்சும் வேகமாகும், டேங்கில் காற்று சீக்கிரம் தீரும், சொல்லிக் கொடுப்பது மண்டையில் ஏறாது.

இரண்டாவது காரணம் தோல். சொறிமுட்டை எனப்படும் ஜெல்லிமீன், பார்க்கப் பாசி போலிருந்து தொட்டால் எரிக்கும் ஹைட்ராய்டுகள், படகின் சிராய்ப்பு, டைவுகளுக்கு நடுவே காத்திருக்கும்போது சுடும் வெயில் என்று எல்லாவற்றுக்கும் இந்த உடுப்பே கவசம். இதற்காகவே நான் கையும் காலும் முழுக்க மூடும் சூட்டைச் சிபாரிசு செய்கிறேன். கவசம் இருக்கிறது என்று பவளத்தைத் தொடக்கூடாது, அது வேறு விஷயம்.

இது எப்படிச் சூடு தருகிறது என்று தெரிந்தால்தான் அளவு ஏன் முக்கியம் என்பது புரியும். வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகும். பெயரே அதைத்தான் சொல்கிறது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இதை வடிவமைத்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டதும் இதைத்தான்: நீச்சல்காரர் நனையாமல் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, துணிக்குள் சிறைப்பட்ட வாயுக் குமிழ்கள் போதும். நியோப்ரீன் என்பது நுண்ணிய குமிழ்கள் நிறைந்த செயற்கை ரப்பர் நுரை. அந்தக் குமிழ்களே சூட்டைத் தடுத்து நிறுத்துகின்றன. உள்ளே புகுந்த மெல்லிய நீர்ப்படலம் உங்கள் உடம்பால் ஒருமுறை சூடாகி, அங்கேயே இருந்தால் தொல்லையில்லை. அது வெளியேறி புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு நல்ல நியோப்ரீனாக இருந்தாலும் ஓட்டைப் பானையில் வெந்நீர் வைத்த கதைதான்.

ரப்பர் என்றதும் ஒரு சின்ன விலகல். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதன்முதலாக நான் சொந்தமாக வாங்கிய சூட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பால் இல்ல" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். சரியாகத்தான் சொன்னார். பெரும்பாலான நியோப்ரீன் பெட்ரோலியத்திலிருந்தோ சுண்ணாம்புக் கல்லிலிருந்தோ தொடங்கும் வேதிப்பொருள். ஆனால் 2016இல் படகோனியா நிறுவனம் யூலெக்ஸ் என்ற இயற்கை ரப்பரில் செய்த சூட்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பாட்டி வெட்டிய அதே மர இனத்தின் பால். நியோப்ரீன் பட்டு அரிப்பு வருகிறவர்கள் சிலர் உண்டு; பெரும்பாலும் அதைப் பதப்படுத்தும் வேதிப்பொருளால் வருவது. அப்படிப்பட்டவர்கள் இந்த வகையை விசாரித்துப் பார்க்கலாம். ரப்பர் பாலே ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தடிமன்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், சிப்பாடான் என்று நம் தீவுகளில் எங்கே போனாலும் 3 மி.மீ. முழு சூட் போதும். சீக்கிரம் குளிரும் உடம்பு என்றால் அதற்குள் மெல்லிய லைக்ரா சட்டையோ தலைமூடி வைத்த உள்சட்டையோ சேர்த்துக்கொள்ளலாம். அரைக்கை, அரைக்கால் வைத்த 'ஷார்ட்டி' மலிவு, மாட்டவும் சுலபம். ஆனால் முழங்காலும் முழங்கையும்தான் முதலில் எதிலாவது உரசும், அவற்றை அது மூடாது. பாலிக்குப் போகும் ஆசை இருந்தால், அங்கே நூசா பெனிடா பக்கம் நீர் எதிர்பாராமல் குளிரும். அதற்கு 5 மி.மீ. தேவைப்படலாம். அந்தப் பயணம் வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அலைச்சறுக்கு சூட், டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சூட், ஃப்ரீடைவ் (டேங்க் இல்லாமல் மூச்சடக்கி முக்குளிப்பது) சூட் எல்லாம் படத்தில் ஒரே கறுப்புத்தான். டிரையத்லான் சூட் நீச்சல்காரரை மேலே மிதக்க வைக்கச் செய்தது, நகம் பட்டாலே கிழியும். ஃப்ரீடைவ் சூட்டில் உள்பக்கம் துணி இல்லாத வெறும் நுரையாக இருக்கும்; சோப்பு நீர் இல்லாமல் உடம்பில் ஏறாது. நீங்கள் தேடுவது இருபக்கமும் நைலான் ஒட்டிய, முழங்காலில் தடித்த பட்டை வைத்த ஸ்கூபா சூட்.

கடைக்குப் போகும் முன்

வீட்டில் தையல் டேப்பை எடுத்து மார்பு, இடுப்பு, புட்டம், உயரம், எடை ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு பிராண்டின் எம் இன்னொரு பிராண்டின் எஸ் ஆக இருக்கும். ஐரோப்பிய உடம்புக்கு வெட்டிய சூட்டில் நம்மில் பலருக்குக் கை கால் நீளமாகவும் தொப்பைப் பகுதி இறுக்கமாகவும் அமையும். அளவுப் பட்டியலில் எல்லாம் ஒத்துப்போகாதபோது மார்புக்கும் உடல் நீளத்துக்கும் முன்னுரிமை கொடுங்கள். மணிக்கட்டில் இரண்டு விரல் நீளம் கூடினால் சமாளிக்கலாம். தோளிலிருந்து கவட்டை வரையிலான நீளம் குறைந்தால் எதுவும் செய்ய முடியாது.

இணையத்தில் வாங்குவதை முதல் சூட்டுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் முக்குளிப்புக் கடைகள் பல உண்டு. ஆண்டுதோறும் கோலாலம்பூரில் நடக்கும் மைட் (MIDE) முக்குளிப்புக் கண்காட்சியில் பல பிராண்டுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். எந்தக் கடையானாலும் நான்கைந்து சூட்டைப் போட்டுப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். காலை நேரம் நல்லது. நாசி கண்டார் கட்டு கட்டிவிட்டு நேரே போகாதீர்கள். வெளியே நடந்து வேர்த்திருந்தால் ஏர்கண்டிஷனில் பத்து நிமிடம் உட்கார்ந்து காய்ந்த பிறகு தொடங்குங்கள். ஈர உடம்பில் நியோப்ரீன் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு அளவு சின்னதா வேர்வை பெரிதா என்று தெரியாது.

உள்ளே கடலில் எதைப் போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். நீச்சலுடை மட்டும் அணியக் கூச்சமாக இருந்தால் மெல்லிய லைக்ரா சட்டையும் லெக்கிங்ஸும் தாராளமாகப் போடலாம். பருத்தி டி-சட்டை மட்டும் வேண்டாம். அது உள்ளே சுருண்டு, மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கும்.

நகைகள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். கொலுசும் மெட்டியும் சூட்டின் உள்துணியைக் கொக்கி போட்டு இழுக்கும். வளையல், மோதிரம் கழற்றிவிட வேண்டும். தாலி அவரவர் முடிவு. கழற்ற மனமில்லை என்றால் கழுத்துப்பட்டைக்குள் அகப்படாமல் நன்றாக உள்ளே இறக்கி, லைக்ரா சட்டைக்கு அடியில் வையுங்கள். கடலில் அறுந்தால் தேட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நீளமான முடியைப் பின்னி உச்சியில் கொண்டையாகச் சுற்றுங்கள். தாழப் பின்னினால் முதுகு ஸிப் அதைக் கடித்துக்கொள்ளும். எனக்கு நடந்திருக்கிறது.

போட்டுப் பார்க்கும் விதம்

இதுதான் முக்கியமான பகுதி, அவசரப்பட வேண்டாம். முதல் தடவை பத்து நிமிடம் பிடித்தால் அது வழக்கம்தான்.

சூட்டை இடுப்புவரை மடித்துக்கொள்ளுங்கள். ஸிப் முதுகுப்பக்கம் வர வேண்டும். சிரிக்காதீர்கள், வகுப்பில் ஒருவராவது முன்பின் மாற்றிப் போடுவார். பாதத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டினால் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தாப்பாவ் (உணவுப் பார்சல்) பை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் உங்களை அனுபவசாலி என்று நினைப்பார். கணுக்கால், முழங்கால், தொடை என்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். விரல் நுனியின் சதையால் பிடித்து இழுக்க வேண்டும். நகத்தால் கிள்ளினால் பிறை வடிவத்தில் வெட்டு விழும். கடையில் விழுந்தால் சூட் உங்களுடையதாகிவிடும்.

கவட்டை முழுக்க உடம்பில் படியும்வரை மேலே போகாதீர்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அங்கே நான்கு விரல் இடைவெளி விட்டுவிட்டுக் கையை மாட்டினால், முழு சூட்டும் தோளைக் கீழே இழுக்கும். சூட் சின்னது என்று முடிவு செய்து பெரியதைக் கேட்பீர்கள். உண்மையில் பாதித் துணி முழங்காலிலேயே சிக்கியிருக்கும். கால்பகுதி சரியாக ஏறிய பிறகு கைகளை மாட்டி, தோளைக் குலுக்கி உட்கார வைத்து, யாரையாவது ஸிப்பை இழுக்கச் சொல்லுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துக்கொண்டு நின்றால் ஸிப் சுலபமாக ஏறும்.

இப்போது கண்ணாடி முன்னால் நின்று உடம்பைத் தடவிப் பாருங்கள். இடுப்பு வளைவு, அக்குள், கவட்டை, முழங்காலின் பின்மடிப்பு ஆகிய நான்கும் திருட்டு இடங்கள். அங்கே துணியைப் பிடித்து இழுத்தால் கையில் ஒரு பை போல வருகிறதா? அந்தப் பையில்தான் கடல் குடியேறும். நடு முதுகு முக்கியம். பெண்கள் ஆண் சூட்டையோ, இருபாலருக்கும் பொது என்று சொல்லும் சூட்டையோ போட்டால் புட்டத்துக்கு மேலே கட்டாயம் ஒரு கூடாரம் நிற்கும். என் பெர்ஹெந்தியான் குடம் அப்படி வந்ததுதான். பெண்களுக்கு வெட்டிய சூட்டைக் கேட்டு வாங்குங்கள், வாடகைக்கு எடுத்தாலும்.

கழுத்தில் விரல் நுழைய வேண்டும், ஆனால் தொளதொள என்று நிற்கக்கூடாது. கழுத்து விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். கழுத்தின் இரு பக்கத்திலும் ஓடும் தமனியைப் பட்டை அழுத்தினால் இதயத் துடிப்பு மந்தமாகித் தலைசுற்றும். தண்ணீருக்குள் அது விளையாட்டில்லை. ஐந்து நிமிடம் போட்டிருந்து முகம் கனத்தாலோ, எச்சில் விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, விற்பவர் "போகப் போக இளகிடும் அக்கா" என்று சொன்னாலும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது மூச்சு. நெஞ்சு நிறைய இழுத்து விடுங்கள். எதிர்ப்பு தெரியும், தெரியலாம். மூச்சு பாதியில் நின்றால் சின்னது. பிறகு குந்தி உட்காருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கையைக் குறுக்கே போட்டு எதிர்த் தோளைத் தொடுங்கள். குனிந்து ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மாட்டுவது போலச் செய்யுங்கள். பின்னால் கையை வளைத்து டேங்க் வால்வைத் தேடுங்கள். எல்லாம் முடியும், ஆனால் இதமாக இருக்காது என்றால் அதுதான் சரியான அளவு. எதற்கும் தடையே இல்லை, வீட்டு உடுப்பு மாதிரி இருக்கிறது என்றால் கழற்றி வையுங்கள். நீரில் அது இன்னும் கொஞ்சம் இளகும்; தரையில் சௌகரியமாக இருப்பது தண்ணீரில் தொளதொளக்கும்.

கடைசியாகக் கால் மணி நேரம் அப்படியே கடையில் நடமாடுங்கள். விரல்கள் மரத்துப்போனால், கை வெளுத்தால், அது இறுக்கத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் துணி வளையமாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் பம்ப் மாதிரி உள்ளே வெளியே போகும் வாசல்கள் அவை.

தையலைக் கவனிக்க வேண்டுமா? நம் கடலுக்கு தட்டையான சாதாரணத் தையலே போதும். ஒட்டி மறைத்துத் தைத்தது குளிர்நீருக்கு, விலையும் அதிகம். கொஞ்சம் பெரியதாக வாங்கிப் பிறகு நம் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். சாதாரண ஊசி போட்ட ஒவ்வோர் ஓட்டையிலும் நீர் வரும், தையலும் நுரையை அறுத்துக்கொண்டு பிரியும்.

வாங்குவதா, வாடகையா?

முதல் வகுப்புக்கு வாடகை. பெரும்பாலும் கட்டணத்திலேயே சூட் சேர்ந்திருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உயரம், எடை, மார்பளவைச் சொல்லி, பெண் அளவு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பிறருடைய உடுப்பு என்ற அருவருப்பு இருந்தால் உள்ளே முழு லைக்ரா போட்டுக்கொள்ளுங்கள். வெட்சூட்டுக்குள் எல்லாரும் என்ன செய்வார்கள் என்பதை நான் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவுமில்லை.

இந்தப் பழக்கம் தொடரும் என்று உறுதியானதும், அதாவது இரண்டாவது பயணத்துக்கு விடுமுறை போட்ட பிறகு, கேமரா, கம்ப்யூட்டர் கடிகாரம் எதற்கும் முன்னால் முகமூடியையும் சூட்டையும் வாங்குங்கள். உடம்பின் அளவைச் சார்ந்த பொருட்கள் அவை. மற்றதெல்லாம் கடனாகவும் கிடைக்கும்.

நீரில் முதல் சோதனை

புதுச் சூட்டோடு நேரே தீவுக்குப் போகாதீர்கள். முடிந்தால் வகுப்புக்காரர்களின் நீச்சல் குளத்தில் ஒருமுறை இறங்குங்கள். நியோப்ரீன் மிதக்கும், புதியது இன்னும் அதிகமாக மிதக்கும்; அதனால் இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கூட்ட வேண்டிவரும். குளத்தில் பார்த்த எடை கடலுக்குப் போதாது, உப்புநீர் இன்னும் மேலே தூக்கும். ஆளும் கருவியும் சேர்ந்து 80 கிலோ என்றால், உப்புநீருக்காக மட்டும் ஏறக்குறைய 2 கிலோ கூட்ட வேண்டும். ஆழம் போகப் போக நியோப்ரீனின் குமிழ்கள் சுருங்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு. சூட் மெலிந்து மிதக்கும் சக்தி குறையும். திடீரென்று கனமாவது போலத் தோன்றினால் பயப்படாதீர்கள். மிதவைச் சட்டையில் டேங்கிலிருந்து கொஞ்சம் காற்றை ஏற்றினால் சரியாகும். எடையைக் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது பயிற்சியாளரோடு சேர்ந்து, கடலில்.

காயவைத்தல்

ஒவ்வொரு நாளும் நல்ல நீரில் அலசுங்கள், உள்பக்கத்தை முதலில். வாஷிங் மெஷினும் வெந்நீரும் ஆகாது. உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, நிழலில், தடித்த ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மெல்லிய கம்பி ஹேங்கர் தோளில் நிரந்தரமாகப் பள்ளம் போடும். வெயிலில் காயவைத்தால் நியோப்ரீன் காய்ந்து வெடிக்கும். கார் பூட்டில் ஈரத்தோடு விட்டுவிட்டால் திங்கட்கிழமை காலை நீங்களே உங்கள் காரில் ஏற மாட்டீர்கள். செந்தூலில் எங்கள் அடுக்குமாடி பால்கனியில் மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும். மின்விசிறி ஒன்றைத் திருப்பி வைத்தால் பாதியாகக் குறையும். ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, தலையில்லாத கறுப்பு உருவம் தொங்குவதைப் பார்த்து வீட்டையே எழுப்பிவிட்டார். அதனால் வீட்டில் சொல்லிவிட்டுத் தொங்கவிடுங்கள்.

கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காற்றில் பெரும்பாலும் அடைந்து கிடக்கும். அந்த மாதங்களில் சூட்டை மடித்துப் பெட்டியில் திணிக்காமல் அலமாரியில் தொங்கவிடுங்கள், ஸிப்பில் கொஞ்சம் மெழுகு தேயுங்கள். மார்ச்சில் பருவம் திறக்குமுன் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். நடுவில் பொங்கலும் சீனப் புத்தாண்டும் வந்து போயிருக்கும். ஸிப் ஏறவில்லை என்றால் சூட் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ள இன்னும் மூன்று வாரம் இருக்கும்.